அளவிடப்படாத மின்சாரம்: தமிழ்நாட்டில் மின்னிழப்புக் கணக்கின் வரலாறு

தமிழ்நாட்டின் மின் பகிர்மான இழப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பழைய கம்பிகளையும் கொக்கி போட்டுத் திருடுவோரையுமே குறை கூறுகின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இழப்பு எவ்வளவு என்பதையே உறுதியாகச் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் 1980களில் எடுக்கப்பட்ட ஒரு கட்டண முடிவு. வேளாண் மின்சாரத்துக்கு விலையை நீக்கியபோது அளவையும் சேர்த்தே நீக்கிவிட்டோம். விலையும் அளவும் பிரிக்கக்கூடியவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் கோவையின் பஞ்சாலைகளுக்கு மின்சாரம் தந்தது. மேட்டூரும் பாபநாசமும் பின்தொடர்ந்தன. 1957இல் மின்வாரியம் அமைந்த பிறகு கம்பிகள் கிராமங்களை நோக்கி வேகமாக நீண்டன. கவலை இறைத்த கிணறுகளில் பம்ப்செட்டுகள் ஓடின. அப்போது உழவரும் யூனிட் கணக்கில்தான் கட்டணம் செலுத்தினர். அந்தக் கட்டணம் உயர்ந்ததை எதிர்த்தே 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினர். 1972இல் கோவைச் சாலைகளை மாட்டுவண்டிகள் நிறைத்தன. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கும், 1989இல் பொறுப்பேற்ற கருணாநிதி அரசு பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணத்தை நீக்கின. வசூலிக்க வேண்டிய தொகை இல்லாத இடத்தில் மீட்டருக்கும் வேலையில்லாமல் போயிற்று. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கு காட்டும். 100 யூனிட் உள்ளே வந்து, 65 யூனிட் மீட்டர் வழியே விற்றதாகக் கொள்வோம். பம்ப்செட்டுகள் 20 யூனிட் எடுத்தன என்று மதிப்பிட்டால் இழப்பு 15. 15 யூனிட் என்றால் இழப்பு 20. மதிப்பீட்டுக்கான வழி, சில இணைப்புகளில் மாதிரி மீட்டர் வைத்து, ஒரு குதிரைத்திறனுக்கான சராசரியை மொத்தக் குதிரைத்திறனால் பெருக்குவது. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் தேடும் கோவை மோட்டாரும் டெல்டாவின் மோட்டாரும் ஒரே சராசரிக்குள் அடங்குமா? அனுமதி பெற்றதைவிடப் பெரிய மோட்டாரை ஓட்டுவோரை அது காட்டுமா? ஆந்திரத்தில் 1990களின் இறுதியில் வேளாண் நுகர்வை மறுமதிப்பீடு செய்தபோது, முன்பு சொல்லப்பட்டு வந்ததைவிட இழப்பு வெகுவாகக் கூடியது. ஏட்டில் உழவர் பெயரில் எழுதப்பட்டதில் ஒரு பகுதி, உண்மையில் திருட்டும் கம்பிச் சூடுமே.

இழப்பு பொறியியல் சிக்கல், அதற்கு மீட்டர் தீர்வாகாது என்று வாதிடலாம். மின்னோட்டம் இரட்டித்தால் கம்பியில் வீணாவது நான்கு மடங்காகும். ஒரே கம்பியில், ஒரே தொலைவுக்கு, ஒரே திறனை 415 வோல்ட்டுக்குப் பதில் 11,000 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு ஏறத்தாழ எழுநூறில் ஒரு பங்காகிவிடும். நீண்ட தாழ்வழுத்தக் கம்பியின் கடைசியில் இருக்கும் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு வோல்டேஜ் குறைய, அது கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். கம்பி மேலும் சூடேறும், மோட்டாரின் சுருள் கருகும், ரீவைண்டிங் செலவு உழவர் தலையில் விழும். ஆகவே, உயரழுத்தக் கம்பியைத் தோட்டம்வரை கொண்டுபோய், சிறு டிரான்ஸ்பார்மர்கள் வைப்பதே சரியான வழி. ஆனால் எந்தக் கம்பியில் முதலில் செலவிடுவது என்பதை அளவுதான் சொல்ல முடியும்.

மீட்டர் வந்தால் பின்னாலேயே கட்டணமும் வரும் என்ற உழவரின் அச்சம் இதைவிட வலுவான மறுப்பு. அது ஆதாரமற்றதன்று: 2003இல் இலவசம் நிறுத்தப்பட்டு, ஆளுங்கட்சியின் 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகே மீண்டது. மீட்டரின்றி மின்சாரம் வழங்கலாகாது என்ற 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் இந்த அச்சத்தைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. ஆயினும், குஜராத்தின் ஜோதிகிராம் திட்டம் பம்ப்செட்டுகளுக்குத் தனி மின்பாதை அமைத்தது. கட்டணம் குதிரைத்திறன் கணக்கிலேயே தொடர்ந்தபோதும் வேளாண் நுகர்வைப் பாதையளவில் தனியே அளக்க முடிந்தது. தோட்டத்தில் மீட்டர் வைக்காமலே வேளாண் நுகர்வை அளக்கலாம் என்பதற்கு இதுவே சான்று; அதையே டிரான்ஸ்பார்மரிலும் செய்யலாம்.

இலவசத்தைச் சட்டத்தால் உறுதிசெய்துவிட்டு, டிரான்ஸ்பார்மர்தோறும் மீட்டர் பொருத்தி, அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மானியத்தின் அளவு அப்போதுதான் ஊகமாக இராது. இழப்புக்கான பழியும் உழவர் பெயரில் எழுதப்படாது. கம்பியைப் பராமரிக்கத் தவறியவரும் திருடுபவரும் அதற்குப் பொறுப்பேற்க நேரும்.