கர்ப்பிணிகளுக்கு சர்க்கரை பரிசோதனை: வெறும் வயிற்றில் போக வேண்டாம், 2 மணி நேரம் போதும்

காவேரிப்பாக்கம்:
"எங்க வீட்ல யாருக்கும் சுகர் இல்லை, எனக்கு எதுக்கு டெஸ்ட்?" கர்ப்பிணிகள் பலர் கேட்கும் கேள்வி இது. ஆனால் கர்ப்ப காலத்தில் வரும் சர்க்கரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை சரியாக வேலை செய்ய விடாது. அதை ஈடுகட்ட முடியாத பெண்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அந்த சர்க்கரை குழந்தைக்கும் போகும். குழந்தை அளவுக்கு மீறி பெருத்து, பிரசவம் சிக்கலாகி, ஆபரேஷன் வரை போகலாம். பிறந்த உடனே குழந்தைக்கு சர்க்கரை திடீரென குறையும் ஆபத்தும் உண்டு.

10ல் ஒருவர்

சென்னை சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி.சேஷய்யா குழுவினர் 2005 முதல் 2007 வரை தமிழகத்தில் 12 ஆயிரத்து 56 கர்ப்பிணிகளை பரிசோதித்தனர். நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கு சர்க்கரை இருந்தது. 2007ல் எல்லா கர்ப்பிணிகளுக்கும் இந்த பரிசோதனை செய்ய தமிழக அரசு உத்தரவிட்டது. சேஷய்யா பிறந்த மார்ச் 10ந்தேதி, இதற்கான தேசிய விழிப்புணர்வு தினமாக கடைபிடிக்கப்படுகிறது.

எப்படி செய்வார்கள்?

* 75 கிராம் குளுக்கோஸ் பவுடரை சுமார் 300 மில்லி தண்ணீரில் கலக்கி தருவார்கள். 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும்.
* சாப்பிட்டு விட்டும் போகலாம். வெறும் வயிறு தேவையில்லை.
* சரியாக 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை.
* குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், மறுநாள் திரும்ப செய்ய வேண்டும்.

கர்ப்பம் உறுதியானதும் ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். முதல் தடவை நார்மல் என்று வந்தாலும் இரண்டாவதை விடக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி, தோல் தொழிற்சாலைக்கு போகும் பெண்களுக்கு 2 மணி நேரம் காத்திருப்பது சிரமம்தான். அரை நாள் சம்பளம் போகிறதே என்று பாதியில் கிளம்பினால் பரிசோதனையே வீண். செக்கப் தேதியை நர்சம்மாவிடம் முன்பே கேட்டு, சூப்பர்வைசரிடம் பர்மிஷன் சொல்லி வைப்பது நல்லது.

சர்க்கரை இருந்தால்...

பயப்பட தேவையில்லை. முதலில் 2 வாரம் சாப்பாட்டு கட்டுப்பாடும் நடைபயிற்சியும்தான். 'ரெண்டு உயிருக்கு சாப்பிடணும்' என்று சோற்றை குவிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக பிரித்து சாப்பிட வேண்டும். காய், கீரை, பருப்பு, முட்டையை கூட்டுங்கள். ஜூஸ், சீனி போட்ட டீ, வளைகாப்பு பலகாரத்தை குறையுங்கள். அதற்காக பட்டினி கிடக்க கூடாது.

அப்போதும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து பார்க்கும் அளவு 120க்கு கீழே வராவிட்டால் மாத்திரை அல்லது இன்சுலின் தருவார்கள். 'ஊசி போட்டா குழந்தைக்கு ஆகாது' என்பது தவறு. கட்டுப்படாத சர்க்கரைதான் குழந்தைக்கு கெடுதல்.

பிரசவம் ஆனதும் பலருக்கு சர்க்கரை இறங்கிவிடும். ஆனாலும் 6 வாரம் கழித்து மறுபடியும் பரிசோதனை அவசியம். ஒரு முறை வந்தவர்களுக்கு பிற்காலத்தில் நிரந்தர சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். குழந்தைக்கு தடுப்பூசி போட போகும்போதே தாயும் இதை முடித்துக்கொள்ளலாம்.