பாலாற்றில் ஒரு கயிறு, அமெரிக்காவில் ஒரு கடிதம்

பாலாறு என்றதும் வேலூரை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது மேட்டூர்க்காரர்களின் பாலாறு. கொளத்தூர் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில், தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்குகிற இடம். என் சின்ன வயதில் அது மைசூர் மாவட்டம். 1997-ல்தான் சாம்ராஜ்நகர் தனி மாவட்டமானது.

1984 என்று ஞாபகம். பெரியப்பாவின் அம்பாசிடரில் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பினோம். பாலாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஃபேன் பெல்ட் அறுந்து வண்டி நின்றுவிட்டது. சுற்றிலும் காடு. ஒரு மணி நேரம் கழித்து மலையிலிருந்து ஒரு மூங்கில் லாரி இறங்கி வந்தது. டிரைவர் கயிறு கட்டி, கொளத்தூர் வரைக்கும் இழுத்து வந்து விட்டார். பெரியப்பா பணம் கொடுத்தார். "சாமி கும்பிடப் போறவங்ககிட்ட காசு வாங்கலாமாங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த உதவியை யாரும் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை.

இருபது வருடம் கழித்து அமெரிக்காவில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'மூன்று வருடத்தில் மூன்று க்ளெய்ம். உங்கள் கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க இயலாது.' எனக்குத் தலை சுற்றியது. விபத்தே நடக்கவில்லையே! தேடிப் பார்த்தால் ஒன்று, பனியில் பேட்டரி செத்துப்போய் ஜம்ப் ஸ்டார்ட் செய்தது. இரண்டு, டயர் பஞ்சர். மூன்று, சாவியைக் காருக்குள் வைத்துப் பூட்டியது. மூன்றும் சேர்ந்து இருநூறு டாலர்கூட வராது. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். பஸ் இல்லாத ஊர். வேறு கம்பெனிகளைக் கேட்டால், அந்த மூன்றையும் காட்டி இன்னும் அதிக பிரீமியம் சொன்னார்கள்.

கோபம் தணிந்த பிறகு, இது எப்படி வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன்.

வழியில் நின்ற வண்டிக்கு உதவும் பழக்கத்தை இங்கே வளர்த்தவை மோட்டார் கிளப்புகள். 1915-ல் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு கிளப் மோட்டார் சைக்கிளில் ஆட்களை அனுப்பி உதவியது. உறுப்பினர் சந்தா கட்டினால் அது சேவை, அவ்வளவுதான். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அதையே பாலிசியோடு சேர்த்து விற்றன. அங்கேதான் சிக்கல். விற்கும்போது 'சேவை' என்றார்கள். பயன்படுத்தினால் சில கம்பெனிகளின் கணக்கில் அது 'க்ளெய்ம்'.

1960-களில் கம்பெனிகள் இஷ்டத்துக்குப் பாலிசியை ரத்து செய்கின்றன என்று அமெரிக்கா முழுக்கப் புகார். 1968-ல் நாடாளுமன்றம் வாகனக் காப்பீட்டையே ஆராயச் சொல்லிப் போக்குவரத்துத் துறைக்கு உத்தரவிட்டது. அந்தக் காலகட்டத்திலிருந்து மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டன. ஆரம்பச் சில வாரங்கள் தாண்டிவிட்டால், பணம் கட்டாதது, லைசென்ஸ் பறிபோனது, மோசடி போன்ற காரணங்கள் இல்லாமல் நடுவில் ரத்து செய்ய முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் அது அடைத்தது முன்வாசலை மட்டும். பாலிசி முடிந்ததும் 'புதுப்பிக்க மாட்டோம்' என்று சொல்லும் பின்வாசல் பல மாநிலங்களில் திறந்தே இருந்தது. எனக்கு வந்த கடிதம் அந்த வாசல் வழியாக வந்ததுதான்.

கலிஃபோர்னியா மக்கள் அதையும் அடைத்தார்கள். 1988 நவம்பரில் ஹார்வி ரோசன்ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் கொண்டுவந்த 'ப்ரொபொசிஷன் 103' வாக்கெடுப்புக்கு வந்தது. கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்து எதிர்த்தும் மயிரிழையில் ஜெயித்தது. அதன்படி, பணம் கட்டாதது, மோசடி, ஆபத்து கணிசமாகக் கூடியது ஆகிய காரணங்களுக்காக மட்டுமே கார் பாலிசியை ரத்து செய்யலாம், புதுப்பிக்க மறுக்கலாம்.

நம்ம ஊர் கதை என்ன? 1939 மோட்டார் வாகனச் சட்டப்படி 1946 முதல் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் பாலிசியின் பொடி எழுத்தில், ஏழு நாள் அவகாசம் கொடுத்து ரெஜிஸ்டர் தபால் அனுப்பிவிட்டுக் கம்பெனி ரத்து செய்யலாம் என்று இருந்தது. 2001-ல் உச்ச நீதிமன்றம் பிமன் கிருஷ்ண போஸ் வழக்கில் ஒரு முக்கியமான வார்த்தை சொன்னது. அது மருத்துவக் காப்பீடு. முன்பு க்ளெய்முக்காகக் கம்பெனியோடு வழக்காடியவர் என்பதால் புதுப்பிக்க மறுத்தார்கள். அது நியாயமற்றது என்று தீர்ப்பு. 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இன்னும் தெளிவாக்கியது: தனிநபர் பாலிசியை, நிரூபிக்கப்பட்ட மோசடிக்காக மட்டுமே, குறைந்தது ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாம்.

ஊரில் கார் வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். தனியாக வாங்கும் சாலை உதவி இணைப்பைப் பயன்படுத்தினால் பொதுவாக நோ க்ளெய்ம் போனஸ் போகாது. ஆனால் விபத்துக்குப் பிறகு இழுத்துச் செல்லும் செலவைப் பாலிசியில் கேட்டால் அது க்ளெய்ம்தான். 50 சதவீதம் வரை சேர்ந்த போனஸ் போய்விடும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: உங்கள் க்ளெய்ம்கள் 'க்ளூ' என்ற பதிவேட்டில் ஏழு வருடம் இருக்கும். 2003 சட்டப்படி வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம், தப்பிருந்தால் திருத்தச் சொல்லலாம். சாலை உதவியை வாங்கும் முன் ஏஜென்டிடம், "இது க்ளெய்மாகப் பதிவாகுமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸோடு ஒட்டாத மோட்டார் கிளப் சந்தா இன்னும் நிம்மதி. மறுப்புக் கடிதம் வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, மாநிலக் காப்பீட்டுத் துறைக்குப் புகார் அனுப்புங்கள். நான் அனுப்பவில்லை. விசாவில் இருப்பவனுக்கு எதற்கு வம்பு என்று பயந்து, இரண்டு வருடம் அதிகப் பணம் கட்டினேன். அந்தப் பயம் தேவையே இல்லை. புகார் கொடுக்க யாரும் விசா கேட்பதில்லை.

இப்போது வண்டி நின்றால் கிளப்பைத்தான் கூப்பிடுகிறேன். கொக்கி மாட்டுகிற ஆளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூங்கில் லாரி டிரைவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். பேர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டோம்.