அறிகுறியற்ற தொற்றில் எதிர்ப்பாற்றல் வலுவற்றதா? சோங்சிங் தரவு குறித்த ஒரு மறுவாசிப்பு

கொரோனா தொற்றியும் காய்ச்சலோ இருமலோ காணாதவர்களுக்கு எதிர்ப்பாற்றல் குறைவாகவே உருவாகிறது, உருவானதும் விரைவில் கரைந்துவிடுகிறது என்ற கருத்து ஆய்வுகளில் தொடர்ந்து எடுத்தாளப்படுகிறது. இதற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுவது, 2020 ஜூனில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளிவந்த, சீனாவின் சோங்சிங் நகர ஆய்வு. வான்ஜோ மாவட்டத்தில் அறிகுறியற்ற 37 பேரையும் அறிகுறியுள்ள 37 பேரையும் அது ஒப்பிட்டது. இக்கருத்தின் இரண்டாம் பாதியை அந்த ஆய்வின் எண்களே தாங்கவில்லை. முதல் பாதியும் ஐயத்துக்குரியது.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண் இது: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி எட்டு வாரங்கள் கழித்துச் சோதித்தபோது, அறிகுறியற்றவர்களில் 30 பேருக்கு 12 பேரிடம் (40%) ஐஜிஜி ஆன்டிபாடி 'இல்லை' என்று வந்தது. அறிகுறியுள்ளவர்களில் 31 பேருக்கு 4 பேர் (12.9%) மட்டுமே அவ்வாறு ஆயினர். இந்த மும்மடங்கு வேறுபாட்டைக் கொண்டே கரையும் வேகமும் கூடுதல் என்று கொள்ளப்பட்டது. ஆனால் சரிவின் அளவையும் அதே கட்டுரை தருகிறது. அதன் இடைநிலை அளவு அறிகுறியற்றவர்களிடம் 71.1%; அறிகுறியுள்ளவர்களிடம் 76.2%. கரைந்த வேகத்தில் அறிகுறியற்றவர்கள் முந்தவில்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது? தொடக்க அளவிலிருந்து. தொற்றுக் காலத்தில் ஐஜிஜியின் இடைநிலை அளவு அறிகுறியற்றவர்களிடம் 3.4, அறிகுறியுள்ளவர்களிடம் 20.5. இச்சோதனையில் 1 என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே வந்தால் 'இல்லை'. 3.4இல் 71.1% கழிந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 0.98. 20.5இல் 76.2% கழிந்தாலும் 4.9 மிஞ்சும். இடைநிலை அளவுகளை இவ்வாறு பெருக்கிப் பார்ப்பது தோராயக் கணக்குதான். தனிநபர் தரவுக்கு அது ஈடாகாது. ஆயினும் 40% என்ற எண்ணில் பெரும்பங்கு, எல்லைக்கோட்டை ஒட்டித் தொடங்கியதன் விளைவு என்றே கருதுகிறேன்.

குறைவாகத் தொடங்கியதே வலுவின்மை ஆகாதா என்று கேட்கலாம். ஆனால் அந்த ஐஜிஜி சோதனை அளந்தது, வைரஸின் நியூக்ளியோபுரதத்தோடும் ஸ்பைக் புரதத்தின் ஒரு துண்டோடும் ஒட்டும் ஆன்டிபாடிகளை மட்டுமே. வைரஸை முடக்கும் திறனைத் தனியே அளந்தபோது, சரிவைக் கண்டவர்கள் அறிகுறியற்றோரில் 81.1%, மற்றோரில் 62.2%. வழக்கமாக எடுத்துக்காட்டப்படுவது இந்த ஆள்கணக்கு. சரிவின் இடைநிலை அளவோ முறையே 8.3%, 11.7% என அற்பமானது.

சோங்சிங் ஆய்வில் அறிகுறியற்றவர்களிடம் 18 சைட்டோகைன்கள் (எதிர்ப்புச் செல்களின் சைகைப் புரதங்கள்) குறைவாக இருந்ததும் வலுவின்மைக்குச் சான்றாக்கப்பட்டது. 2021இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு வேறொரு வாசிப்புக்கு வழி திறக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் தொற்றுக்குள்ளானோரை ஆராய்ந்த அக்குழு, டி செல்களின் எண்ணிக்கை இரு சாராரிடமும் ஒத்திருப்பதைக் கண்டது. வைரஸின் புரதத் துண்டுகளால் தூண்டியபோது, அறிகுறியற்றவர்களின் செல்கள் இன்டர்ஃபெரான் காமாவையும் இன்டர்லியூகின்-2ஐயும் கூடுதலாகவே சுரந்தன. அழற்சியை அடக்கும் இன்டர்லியூகின்-10உம் அதற்கேற்ப உடன் சுரந்தது. அழற்சி மிகையானது அறிகுறியுள்ளவர்களிடமே. எனவே இரத்தத்தில் சைட்டோகைன் குறைவது, எதிர்ப்பு கட்டுக்குள் நடந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். எச்எல்ஏ-பி*15:01 மரபணு வகையை அறிகுறியற்ற தொற்றோடு இணைத்த 2023ஆம் ஆண்டு ஆய்வும், சாதாரணச் சளி கொரோனா வைரஸ்களை முன்பே சந்தித்த டி செல்கள் இதற்கு உதவியிருக்கலாம் என்று காட்டியது.

மூக்குச் சளியில் வைரஸ் தென்பட்ட காலம் அறிகுறியற்றவர்களிடம் நீண்டதே (19 நாள்; அறிகுறியுள்ளவர்களிடம் 14 நாள்) என்பது மறுப்பாகாது. பிசிஆர் சோதனை காண்பது ஆர்என்ஏவை. அது உயிருள்ள வைரஸுக்குச் சான்றல்ல.  பிற வைரஸ்களுக்கு இவ்வாதத்தை நீட்ட நான் முற்படவில்லை.

இதன் நடைமுறை விளைவு, மக்களின் இரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடும் செரோ சர்வேக்களைப் பற்றியது. மாதங்கள் கழித்து எடுக்கப்படும் சர்வே, எல்லைக்கோட்டருகே தொடங்கியவர்களையே அதிகம் தவறவிடும். ஆகவே அறிகுறியற்ற தொற்றின் பரப்பு குறைத்தே மதிப்பிடப்படும். 'உண்டு', 'இல்லை' என்ற கணக்கோடு தொடக்க அளவையும் சரிவு வீதத்தையும் சேர்த்து வெளியிடாத எந்த ஆய்வையும் எதிர்ப்பாற்றலின் ஆயுளுக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.