ஊக்கமருந்தும் சட்டமும்: குற்றவாளி யார்?

விளையாட்டில் ஊக்கமருந்துப் பாவனையைச் சட்டத்தின் துணையால் ஒழிக்க முற்பட்ட நாடுகளின் வரலாற்றை ஆராயுமிடத்து, ஒரு வினா தீர்க்கப்படாமலே தொடர்ந்து வருவதைக் காண்கிறோம். மருந்தை உட்கொண்ட வீரன் குற்றவாளியா, அன்றிப் பிறரால் தீங்கிழைக்கப்பட்டவனா என்பதே அது.

இத்துறையில் முன்னோடிகளாகப் பெல்ஜியமும் பிரான்சும் 1965 இல் தனிச்சட்டங்களை இயற்றின. பிரெஞ்சுச் சட்டம் வீரன் மீதே தண்டம் விதித்தது. அவனுக்குத் துணைபோவோரும் அதில் அடங்கினராயினும், பரிசோதனைக்கு உள்ளானது அவனது உடலே. 1966 இல் 'ரூர் டி பிரான்ஸ்' துவிச்சக்கரவண்டி ஓட்டம் போர்டோ நகரை அடைந்தபோது சிறுநீர்ப் பரிசோதனை நடைபெற்றது. மறுநாள் வீரர்கள் வண்டிகளை விட்டிறங்கி நடந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். இதனை ஏமாற்றுக்காரரின் கூச்சலென்று ஒதுக்கிவிட எம்மால் இயலவில்லை. மூன்று வார காலம் மலையும் சமவெளியுமாக ஓடிப் பிழைக்கும் கூலி உழைப்பாளர் அவர்கள். அவ்வுழைப்பின் நிபந்தனைகளை வகுத்தோரிடம் சட்டம் எதனையும் வினவவில்லை. எனினும் ஆபத்து மெய்யானதே. 1967 இல் வென்ரூ மலைச்சரிவில் வீழ்ந்து மாண்ட ஆங்கில வீரர் ரொம் சிம்சனின் உடலில் அம்பெற்றமைன் காணப்பட்டது. 1989 இல் பிரான்ஸ் தன் நிலையை மாற்றிக்கொண்டது. மருந்து வழங்குவோர் குற்றவியற் சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்படலாயினர். வீரனோ ஒழுக்காற்று நடவடிக்கைக்கு மட்டும் உரியவனானான்.

ஆனால் அரசே மருந்து வழங்கினால் யாது செய்வது? கிழக்கு ஜேர்மனியில் 1974 இல் வகுக்கப்பட்ட '14.25' எனும் அரச திட்டத்தின்படி, ஆண் ஓமோன்களை ஒத்த மாத்திரைகள் பருவமெய்தாச் சிறுமியருக்கும் ஊட்டப்பட்டன. அவை உயிர்ச்சத்து மாத்திரைகள் என்றே பலருக்குச் சொல்லப்பட்டது. சோசலிசத்தின் பெயரால் நிகழ்ந்தமையால் இதனை மறைத்தெழுதும் உரிமை எமக்கில்லை. 2000 ஆம் ஆண்டு பேர்லின் நீதிமன்றம், அந்நாட்டு விளையாட்டுத்துறைத் தலைவராயிருந்த மன்பிரெட் எவால்டுக்கு 22 மாதங்களும், மருத்துவர் மன்பிரெட் ஹொப்னருக்கு 18 மாதங்களும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. இதற்குப் புதிய சட்டம் வேண்டியிருக்கவில்லை. உடற்காயம் விளைத்தல் எனும் பழைய குற்றப்பிரிவே போதுமாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் வழக்குத் தொடர்வதற்கான காலவரையறை முடிவுறவிருந்தது. 2002 இல் இயற்றப்பட்ட உதவிச் சட்டத்தின்கீழ்ப் பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 10,400 யூரோ கிடைத்தது. பாழ்பட்ட ஈரலுக்கும் மாறிப்போன குரலுக்கும் இத்தொகை எம்மாத்திரம்!

2005 இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, சட்டவழியோ நிர்வாகவழியோ தெரிவு செய்வதை அந்தந்த அரசுகளிடமே விட்டது. எனவே வழிகள் பிரிந்தே செல்கின்றன. இத்தாலி 2000 இலேயே வீரனையும் குற்றவாளியாக்கியது. பேர்லின் வழக்கைக் கண்ட ஜேர்மனியும் 2015 இல், அறிந்தே மருந்துண்ணும் உயர்நிலை வீரனுக்கு மூன்றாண்டு வரை சிறை என விதித்தது. ஐக்கிய அமெரிக்காவின் 2020 ஆம் ஆண்டுச் சட்டமோ, சதிசெய்து மருந்து ஊட்டுவோருக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்க இடமளித்து, அயல்நாட்டுப் போட்டிகளுக்கும் தன் கரத்தை நீட்டுகிறது. போட்டியிடும் வீரனை மட்டும் அது தொடுவதில்லை.