துண்டு: ஒரு மலையகச் சொல்லின் கதை

துண்டு என்றதும் தோளில் கிடக்கும் துணிதான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். பெயர்த்தெடுத்த சிறு பகுதியும் துண்டுதான். நறுக்கிய தாளும் துண்டுதான். வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும் நாட்களில் இலங்கைத் தமிழ் நாளேடுகள் பற்றாக்குறையைத் 'துண்டு விழும் தொகை' என்று எழுதும். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலோ இச்சொல்லுக்கு ஒரு காலத்தில் வேறொரு பொருள் இருந்தது. பிரித்தானிய ஆட்சியாளரின் ஆங்கில அறிக்கைகள்கூட அதனை மொழிபெயர்க்காமல் 'துண்டு' என்றே குறிப்பிட்டன.

கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. அதற்கான முற்பணத்தைத் தோட்டம் அவருக்குக் கொடுக்கும். வழிச்செலவு, அரிசி, ஊரில் அடைத்த பழைய கடன் எல்லாம் தொழிலாளியின் பெயரில் ஏறும். தொழிலாளி கங்காணிக்குக் கடனாளி. கங்காணி தோட்டத்துக்குக் கடனாளி.

கங்காணி தம் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரையிடம் துண்டு கேட்பார். இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தனை பேரையும் விடுவிக்கச் சம்மதம் என்று துரை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். அதுவே துண்டு. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாகச் செல்வார். ஆள் தேவைப்படும் துரை அத்தொகையைக் கட்டுவார்; கங்காணிக்கு மேலும் முற்பணம் கொடுப்பதும் உண்டு. இவ்வாறு பழைய கடன் தீரவில்லை. இடம் மாறியது, வளரவும் செய்தது. இறப்பர்த் தோட்டங்கள் பெருகி ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது துண்டுகளின் தொகையும் உயர்ந்தது. பெயருக்கு அது விடுதலைச் சீட்டு. நடைமுறையில் கைமாற்றுப் பத்திரம். யாருடைய உழைப்பு கைமாறியதோ அவர்களை எவரும் கேட்கவில்லை. தாமாகவே வெளியேறிச் செல்லவும் வழியில்லை. ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைச் சிறையிலிட 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது.

தோட்டத் துரைமாருள் ஸ்கொட்லாந்துக்காரர் பலர். 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே. அவர்களுடைய நாட்டிலும் இதற்கு நெருங்கிய ஒரு பழஞ்சொல் உண்டு: 'ஆர்ல்ஸ்'. நம் மொழியில் சொன்னால் அச்சாரம். 1606ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை எசமானரோடு பிணைத்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது எசமானர் தந்தையின் கையில் ஆர்ல்ஸ் கொடுப்பார். அதன்பின் அக்குழந்தையும் சுரங்கத்துக்கு உரியது. 1775, 1799ஆம் ஆண்டுகளில் வந்த சட்டங்களே அவர்களை விடுவித்தன. ஆர்ல்ஸிலிருந்து துண்டு பிறந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் சிறு பணத்தையோ சிறு தாளையோ கொண்டு மனிதனைக் கட்டிப்போடுவதில் இரண்டும் ஒரே வேலையைச் செய்தன.

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. கங்காணியின் அதிகாரமும் படிப்படியாகத் தேய்ந்தது.

இன்று அச்சொல்லின் தோட்டத்துப் பொருள் வழக்கொழிந்துவிட்டது. அது வருந்தத்தக்கதன்று. ஆனால் அகராதியில் 'துண்டு' என்ற சொல்லுக்கு எதிரே துணியும் தாளும் பற்றாக்குறையும் இருக்கும்போது, இந்தப் பொருளுக்கும் ஒரு வரி வேண்டும். மலையகத்தின் முதல் தலைமுறைகள் சுமந்த கடனுக்கு அந்தச் சொல்லும் ஒரு சாட்சி.