ஐஓஎஸ் 7: செலவு யார் கணக்கில்?

பூனாவில் எங்கள் குடியிருப்பில் ஐபோன் செயலி எழுதும் தமிழ்ப் பையன் ஒருவன் இருக்கிறான். 2025-ல் ஐஓஎஸ் 26 கண்ணாடித் தோற்றத்தோடு வந்ததிலிருந்து, "எல்லாத்தையும் மறுபடி வரையணும் சார்" என்று ஒரே புலம்பல். இது இரண்டாம் ஆட்டம் தம்பி, முதல் ஆட்டம் 2013-லேயே நடந்தது என்றேன்.

2012 அக்டோபரில் ஸ்காட் ஃபோர்ஸ்டால் விலகல் அறிவிக்கப்பட்டு, ஆப்பிளில் திரைத்தோற்றப் பொறுப்பு ஜானி ஐவிடம் போனது. அதுவரை ஐபேட் நாட்காட்டியில் தோல் தையல், கேம் சென்டரில் பச்சைத் துணி. 2013 ஜூன் 10 அன்று காட்டிய ஐஓஎஸ் 7-ல் இரண்டுமே போயே போச்சு. பொத்தானுக்கு விளிம்புகூட இல்லை! செப்டம்பர் 18-ல் வெளியீடு. எண்ணிப் பார்த்தேன், சரியாக 100 நாள். புது எக்ஸ்கோடில் பழைய செயலியைக் கட்டினால், மணியும் பேட்டரியும் காட்டும் உச்சிப் பட்டையில் செயலியின் எழுத்து போய் மோதும். 2014 பிப்ரவரி 1 முதல் புதுச் செயலிகளும் புதுப்பிப்புகளும் ஐஓஎஸ் 7-க்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று கெடு வேறு.

எனக்கோ பி.காம். புத்தி. இந்தச் செலவை யார் தலையில் எழுதுவது? ஆப் ஸ்டோரில் பழைய வாடிக்கையாளரிடம் மேம்பாட்டுக் கட்டணம் வாங்க வழியில்லை. டேப்பாட்ஸ் 2013 அக்டோபரில் ட்வீட்பாட் 3-ஐத் தனிச் செயலியாக்கி 2.99 டாலருக்கு மறுபடி விற்றது. சிலர் திட்டினார்கள். என்னைக் கேட்டால் நியாயமான விலைதான். 2016-ல்தான் எல்லா வகைச் செயலிக்கும் சந்தா முறை திறந்தது.

பையனின் செயலி ஒரே தடவை காசு வாங்கும் ரகம். "சந்தா போட்டா விட்டுட்டுப் போயிடுவாங்களா சார்?" என்றான். ஞாயிற்றுக்கிழமை விற்பனைக் கணக்கை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.