தீட்டுக்கல்லும் கைப்பழக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

உலோகக் கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வாளையும் கத்தியையும் அவற்றை வடித்த கொல்லனையும் பற்றியே பேசியுள்ளனர். அவற்றுக்குக் கூர்மை அளித்த கல்லும், அக்கல்லின்மேல் அலகை நகர்த்திய கையும் அவர்தம் கவனத்தை அதிகம் பெற்றதில்லை. ஆயினும் எந்த அலகும் பயன்படும்போதே மழுங்குகின்றது. ஒருமுறை வடித்த கத்தி தன் ஆயுட்காலத்திற் பலநூறு முறை தீட்டப்படுகின்றது. கொல்லனின் தொழில் சிலருக்கே உரியதாயிருந்தது. தீட்டுந் தொழிலோ சமையலறை, வயல், தச்சுப்பட்டறை, சவரக்கடை ஆகிய எல்லா இடங்களிலும் வேண்டப்பட்டது. இத்துணைப் பரவலான ஒரு திறன் வரலாற்றில் ஏன் இவ்வளவு குறைவாகத் தடம் பதித்துள்ளது என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும். சுழலும் சாணையிற் பிடித்தல் வேறு. அசையாத கல்லின்மேல் அலகைக் கையால் நகர்த்தித் தீட்டுதல் வேறு. பின்னதே ஈண்டு நோக்கப்படுகின்றது.

1939ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சவொக் பகுதியிலுள்ள சட்டன் ஹூ என்னுமிடத்தில், கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த கப்பற் புதையல் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதிற் கிடைத்த பொருள்களுள் நான்கு பட்டைகள் கொண்ட நீண்ட தீட்டுக்கல் ஒன்றும் உண்டு. அதன் இரு முனைகளிலும் மனித முகங்கள் செதுக்கப்பட்டுள்ளன. இன்று பிரித்தானிய நூதனசாலையிலுள்ள இக்கல்லை ஆய்வாளர் பலர் அரசனின் செங்கோலாகக் கருதுவர். அதில் ஒரு கத்தியேனும் தீட்டப்பட்டமைக்கான அடையாளம் இல்லை. அதே காலத்தைச் சார்ந்த எளியோரின் தீட்டுக்கற்களோ நடுவில் தேய்ந்து குழிந்தனவாகக் காணப்படுகின்றன. அரசனின் கல் செதுக்கற் சிறப்பாற் புகழ்பெற்றது. உழைத்தவரின் கல் தேய்வினால் உருவிழந்தது. எனினும், தீட்டிய கையைப் பற்றிய சான்று இரண்டாவது கல்லிலேயே உள்ளது.

கல்லைப் பற்றிய செய்திகள் நமக்குப் போதிய அளவிற் கிடைக்கின்றன. கி.பி. 79இல் இறந்த உரோம அறிஞர் பிளினி தமது இயற்கை வரலாற்று நூலில், எண்ணெய் இட்டுத் தீட்டும் கற்களையும் நீர் இட்டுத் தீட்டும் கற்களையும் பிரித்துக் கூறி, கிரீத்து, நக்சொஸ் முதலிய தீவுகளின் கற்களைக் குறிப்பிடுகின்றார். சவரத் தொழிலாளர் உமிழ்நீர் இட்டுத் தீட்டிய கற்களையும் அவர் விட்டுவிடவில்லை. வட ஐரோப்பாவில் நோர்வேயின் தெலமார்க் பகுதியிலுள்ள எய்ட்ஸ்பொர்க் என்னும் இடத்திலிருந்து வைக்கிங் காலம் முதலே தீட்டுக்கற்கள் கடல் கடந்து விற்கப்பட்டன. நோர்வேயின் தென்கரையிற் கண்டெடுக்கப்பட்ட, 10ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த குலோஸ்தாத் கப்பலின் சரக்கிலே தீட்டுக்கற்களும் இருந்தன. பெல்சியத்து ஆர்டென் மலைப்பகுதியிற் கிடைக்கும் மஞ்சள் நிறக் கொட்டிக்கூல் கல், தன்னுட் செறிந்துள்ள நுண்ணிய கானெற் மணிகளின் வன்மையாற் சவரக் கத்திக்கு ஏற்றதெனப் பெயர் பெற்றது. ஆக, எந்தக் கல் எங்கிருந்து எங்குச் சென்றது என்பதை வரலாற்றாசிரியரால் ஓரளவு கூறமுடிகின்றது. அக்கல்லை வாங்கியவன் தீட்டப் பழகியது எவ்வாறு என்பதே அவரால் எளிதிற் கூறவியலாதது.

இதனை விளங்கிக்கொள்ளத் தொடக்கப் பயிற்சியாளன் எதிர்நோக்கும் இடர்ப்பாட்டை நோக்குதல் வேண்டும். கத்தியின் வாய் என்பது இரு சரிவுகள் சந்திக்கும் கோடாகும். அச்சரிவுகளை ஒரே கோணத்திற் தேய்த்துச் சந்திக்கச் செய்வதே தீட்டுதல். கோட்பாடு இவ்வளவே, ஒருவர் அதனைச் சில நிமிடங்களிற் கற்றுவிடலாம். ஆனால் நான்கு சென்ரிமீற்றர் அகலமான அலகை 15 பாகைக் கோணத்தில் வைப்பதாயின், அதன் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்திருத்தல் வேண்டும். முன்னும் பின்னுமாக நூறு முறை நகர்த்தும்போதும் அவ்வுயரம் மாறலாகாது. பழகாத கையோ தள்ளும்போது முதுகை உயர்த்தும், இழுக்கும்போது தாழ்த்தும். இதனால் சரிவு தட்டையாக அமையாது உருண்டுவிடும். அலகின் நுனிப்பகுதி வளையுமிடத்திற் கைப்பிடியை மெல்ல உயர்த்தாவிடின் நுனி தீட்டப்படாமலே எஞ்சும்.

வேலை முற்றுப்பெற்றமையைக் கண்ணைவிட விரலே முதலில் அறியும். ஒரு பக்கம் போதிய அளவு தேய்ந்ததும், மறுபக்கத்தில் நுண்ணிய உலோகப் பிசிர் எழுகின்றது. பெருவிரலை வாயின் நெடுகிலும் ஓட்டாது, முதுகிலிருந்து வாய்க்குப் புறமாக மெல்ல வழித்தால் அப்பிசிர் தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் எழுவதற்கு முன்னரே மென்கல்லுக்கு மாறுதல் தொடக்கநிலையாளர் பெரும்பாலோர் செய்யும் பிழையாகும். பொறுமையின்மை இங்கு உடனடியாகத் தண்டிக்கப்படுகின்றது. கத்தி பளபளக்கும், ஆயின் வெட்டாது.

இத்தகைய அறிவை நிறுவன முறையிற் பேணிய நாடுகளுள் யப்பான் சிறப்பாக எடுத்துக்காட்டத்தக்கது. கியோத்தோ நகரை அடுத்த மலைகளில் வெட்டப்பட்ட மென்மையான படிவுக் கற்கள், வாள்களை இறுதியாகத் தீட்டி மெருகிடப் பயன்பட்டன. வன்கல், இடைக்கல், மென்கல் என்னும் வரிசை அங்கு நுணுக்கமாக வகுக்கப்பட்டிருந்தது. ஹொனாமி குடும்பத்தினர் வாள் மெருகிடுதலையும் வாள்களை மதிப்பிடுதலையும் தலைமுறை தலைமுறையாக மேற்கொண்டனர். பயிலுவோன் ஆசானின் அருகிலிருந்து, அவர் அமரும் முறையையும் கல்லின் ஒலியையும் ஆண்டுக்கணக்கிற் கவனித்தே தொழிலைக் கற்றான். 1876இல் வாள் தரிப்பதை மெய்யி அரசு பொதுவாகத் தடைசெய்தபோது வாட்கொல்லர் பலர் தமது பிழைப்பை இழந்தனர். வீட்டுக் கத்திகளையும் தொழிற் கருவிகளையும் செய்வதை நாடினர். சக்காய் நகரத்திலோ கத்தித் தொழில் முன்னரே வேரூன்றியிருந்தது. அங்கு வடிப்பவர் ஒருவராகவும் தீட்டுபவர் வேறொருவராகவும் அமைந்த தொழிற்பிரிவு இன்றும் நிலவுகின்றது.

ஹொனாமி குடும்பத்திற் பிறந்த கோயெத்சு (1558-1637) பற்றி வரலாறு கூறுவன சிந்திக்கத்தக்கன. அவர் எழுத்தணிக் கலைஞராகவும் தேநீர்க் கிண்ணங்களை வனைந்தவராகவும் போற்றப்படுகின்றார். அவர்தம் எழுத்துகளும் கிண்ணங்களும் காட்சிக்கூடங்களில் உள்ளன. அவரது குடும்பத் தொழிலான வாள் மெருகுக்கோ அத்தகைய நிலைபேறு இல்லை. அடுத்துத் தீட்டுபவர் முன்னவர் விட்ட மேற்பரப்பை அகற்றியே தமது வேலையைச் செய்கின்றார். தீட்டுதல் தன் முந்திய சான்றைத் தானே அழிக்கும் தொழிலாகும். தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதிலேயே உள்ளது. மட்கலம் வனைந்தவன் கலத்தை விட்டுச் செல்கின்றான். தீட்டியவன் சிறுத்த அலகையும் குழிந்த கல்லையுமே விட்டுச் செல்கின்றான்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கல்லின் நிலை பெரிதும் மாறிற்று. 1891இல் அமெரிக்கரான எட்வேட் அச்சிசன் மின்னுலையிற் சிலிக்கன் காபைட்டை ஆக்கும் முறையைக் கண்டார். அதன் வன்மை மோஸ் அளவுத்திட்டத்தில் 9ஐ விஞ்சியது. இயற்கைக் கற்கள் பலவற்றில் வெட்டும் பணியைச் செய்யும் குவார்ட்சின் வன்மை 7 மட்டுமே. அலுமினியம் ஒட்சைட்டும் விரைவில் செயற்கையாக ஆக்கப்பட்டது. மணிகளைப் பருமன்வாரியாகப் பிரித்து எண்ணிட்டுக் கற்களாக்கும் வழக்கம் பரவிற்று. எண் கூடுந்தோறும் மணி நுண்ணியதாகும். இயற்கைக் கல்லில் ஒரே சுரங்கத்தின் இரு படைகள்கூட ஒத்திருப்பதில்லை. அலகிற் கீறல் விழுந்தால் பிழை கல்லுடையதா கையுடையதா எனப் பயில்வோனுக்கு விளங்காது. செயற்கைக் கல் இந்த ஐயத்தைப் பெருமளவு நீக்கிற்று. கல் சீரானபின் எஞ்சிய குறை கையினுடையதே என்பது வெளிப்பட்டது. கைத்தொழிற்புரட்சியின் பயனாகக் கருவி பொதுமையாக்கப்பட்டது. ஆனால் கைப்பழக்கத்தை எந்த ஆலையாலும் பொதிசெய்து விற்கமுடியவில்லை.

எனவே வாணிகம் வேறு வழியை நாடிற்று. தீட்டக் கற்பிப்பதற்குப் பதிலாகத் தீட்டவேண்டிய தேவையையே அது அகற்ற முயன்றது. 1903இல் கில்லெற் நிறுவனம் மழுங்கியதும் எறிந்துவிடத்தக்க சவர அலகை விற்கத் தொடங்கிற்று. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு இத்தகைய கருவிகள் இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டன. சவரக்கத்தியைக் கல்லிலும் தோல்வாரிலும் தீட்டும் பழக்கம் பல வீடுகளிலிருந்து ஓரிரு தலைமுறைகளுள் மறைந்தது. கல் உடையவில்லை, நூல்கள் அழியவில்லை. தந்தையின் கையை மைந்தன் பார்த்திருந்த அந்தத் தொடர்ச்சியே அறுந்தது.

சொல்லக்கூடியதைவிட மனிதர் மிகுதியாக அறிந்துள்ளனர் என்னும் கருத்தை மைக்கல் பொலான்யி 1966இல் விரித்துரைத்தார். தீட்டும் கை அதற்குத் தக்க உதாரணமாகும். ஆயினும் அறுந்த தொடர்ச்சியை மீளக் கட்டவே முடியாதென்பது பொருந்தாது. ஆசானற்ற பயிற்சியாளன் சரிவின்மேல் மை பூசித் தீட்டிப் பார்க்கலாம். மை எங்கு அழிந்தது, எங்கு எஞ்சியது என்பது அவன் கை செய்த பிழையை அவனுக்கே காட்டும். மலிவான கத்தி ஒன்றும் இடைத்தரக் கல் ஒன்றும் தொடக்கத்துக்குப் போதுமானவை. ஆனால் ஆசானின் ஒரு சொல் சில நாளிற் திருத்தும் பிழையை அவன் பல மாதங்களிற் திருத்த நேரும். தொடர்ச்சி அறுந்தமைக்குச் சமுதாயம் கொடுக்கும் விலை அதுவே.

கருவிகளைச் சேகரித்துக் கண்ணாடிப் பேழையில் வைத்தலோடு தொழில் வரலாற்றாய்வு முற்றுப்பெறுவதில்லை. அக்கருவிகளைக் கையாளத் தெரிந்தோர் வாழும்போதே அவர்தம் கையசைவும் கற்பித்த முறையும் பதிவுசெய்யப்படுதல் வேண்டும். தன் சான்றைத் தானே தேய்த்தழிக்கும் இத்தொழிலின் வரலாறு, அதனை அடுத்துப் பயிலும் கையிலேயே தங்கியுள்ளது.